கடை மேசையில் எத்தனை கியூஆர் வேண்டும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சுன்னாகத்தில் சிறிய பலசரக்குக் கடை. காசு கட்டும் செயலிகளில் ஒருவர் வந்து பிறிமி இருக்கா என்று கேட்கிறார், அடுத்தவர் ஜீனி, இன்னொருவர் பீப்பிள்ஸ் பே. ஒவ்வொன்றுக்கும் ஒரு கியூஆர் மட்டை எடுத்து வைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், ஒரு மட்டை போதும். அதில் 'லங்காகியூஆர்' என்ற இலச்சினை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது இலங்கை மத்திய வங்கி வகுத்த பொது நியமம். எந்த வங்கி தந்த மட்டையாக இருந்தாலும், அந்த வலையமைப்பில் சேர்ந்த எந்தச் செயலியாலும் ஸ்கேன் பண்ணலாம். வாடிக்கையாளர் எந்தச் செயலி பாவிக்கிறார் என்பது உங்களுக்குத் தேவையில்லாத விசயம். நீங்கள் தெரிவு செய்ய வேண்டியது மட்டை தரும் வங்கியை.

மொத்த வியாபாரிக்குக் காசு அனுப்புவதும் காசோலை எழுதுவதும் எந்தக் கணக்கிலிருந்தோ, அந்த வங்கியிடமே முதலில் கேளுங்கள். வேறொரு வங்கியில் காசு வந்து சேர்ந்தால், அதை மாற்ற ஒவ்வொரு முறையும் நேரமும் கட்டணமும் போகும். கிளைக்குப் போகும்போது தேசிய அடையாள அட்டை, பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் மூன்றையும் கொண்டு போங்கள்.

கையொப்பம் வைக்குமுன் மூன்று விசயம் கேட்டு எழுதி வையுங்கள். முதலாவது, ஒவ்வொரு கொடுப்பனவிலும் எத்தனை வீதம் கழிப்பார்கள். 1 வீதம் என்றால் சின்னத் தொகை போலத்தான் தெரியும். ஆனால் மா, சீனியில் உங்களுக்கு நிற்கும் லாபம் 4 வீதம் என்றால், அந்த 1 வீதம் லாபத்தின் காற்பங்கு. நாளுக்கு 20,000 ரூபாய் கியூஆரில் வந்தால் 200 ரூபாய் போகும். 26 நாள் கடை திறந்தால் 5,200 ரூபாய். இரண்டாவது, காசு உடனே கணக்கில் விழுமா, அடுத்த வேலை நாளிலா. அடுத்த வேலை நாள் என்றால் வெள்ளிக்கிழமை வியாபாரம் திங்கள்தான் வரும்; திங்கள் போயா என்றால் செவ்வாய். சனிக்கிழமை விடியச் சந்தையில் மரக்கறி எடுப்பவருக்கு இது கைமுதலையே முடக்கிவிடும். மூன்றாவது, ஒவ்வொரு வரவுக்கும் கடைத் தொலைபேசிக்குக் குறுந்தகவல் வருமா. வராது என்றால் அந்த மட்டையை எடுக்க வேண்டாம்; காரணம் அடுத்த பதிலில்.

ஈஸி காஷ், எம்காஷ் இரண்டும் வேறு வகை. அவை தொலைபேசி நிறுவனங்களின் பணப்பை. சாதாரண பொத்தான் போனிலும், டேட்டா இல்லாமலும் வேலை செய்யும். ஆனால் காசு பணப்பையில்தான் நிற்கும், வங்கிக்கு மாற்றுவது தனி வேலை. ரீலோட் போடுவதும் பில் கட்டிக் கொடுப்பதும் உங்கள் கடையில் நடக்கிறது என்றால், வந்த காசு அதற்கே ஓடிவிடும், அப்போது எடுக்கலாம். இல்லையென்றால் அவசரமில்லை.

கேள்வி: புடவைக்கடை. காசு போட்டாச்சு என்று ஸ்கிறீன்ஷொட் காட்டிவிட்டுப் போனார்கள். பின்னேரம் பார்த்தால் கணக்கில் இல்லை.

பதில்: ஸ்கிறீன்ஷொட் பற்றுச்சீட்டு ஆகாது. பழைய படத்தில் திகதியை மாற்றலாம், 'நிலுவையில்' என்று நிற்பதையும் காட்டலாம். உங்கள் தொலைபேசியில் வரவுச் செய்தி வந்த பிறகுதான் பையைக் கொடுக்க வேண்டும். கடையில் நிற்பவர் முதலாளிக்கு அழைத்துக் கேட்கும் நிலை இருந்தால், சன நேரத்தில் அவர் கேட்கமாட்டார். ஆகவே செய்தி வரும் இலக்கம் கல்லாவிலேயே இருக்கும் போனாக இருக்கட்டும்.

இன்னும் இரண்டு இடத்தில் பிழை வரும். நிலையான மட்டையில் தொகையை வாடிக்கையாளரே அடிக்கிறார்; 4,500 என்பது 450 ஆகிவிடும். செய்தியில் வந்த தொகையைச் சத்தமாக வாசித்துச் சொல்லுங்கள். பெரிய தொகை அடிக்கடி வரும் கடை என்றால், தொகையோடு சேர்த்து உருவாகும் கியூஆரை வங்கியின் வியாபாரிச் செயலியில் கேளுங்கள். அடுத்தது, உங்கள் மட்டைக்கு மேல் வேறொருவர் தன் ஸ்ரிக்கரை ஒட்டிவிடுவது. காலையில் கடை திறந்ததும் உங்கள் போனால் ஸ்கேன் பண்ணிக் கடைப் பெயர் வருகிறதா என்று பாருங்கள். பத்து விநாடி வேலை.

உண்மையாகவே வாடிக்கையாளரின் கணக்கில் கழிந்து உங்களுக்கு வராமலும் போகலாம். அப்போது சண்டை பிடிக்காமல் பரிவர்த்தனை இலக்கம், நேரம், தொகை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் தன் வங்கியிலும் நீங்கள் உங்கள் வங்கியிலும் முறையிட வேண்டும்.

கேள்வி: நல்லூரடியில் சாப்பாட்டுக் கடை. இந்தியாவிலிருந்து வருபவர்களும் வெளிநாட்டுச் சொந்தங்களும் அதிகம். எதை வைப்பது?

பதில்: இவர்கள் இரண்டு வகை. இந்தியாவின் யூபிஐ என்ற கைபேசிக் கொடுப்பனவு முறை 2024 பெப்ரவரி 12 முதல் இலங்கையில் இயங்குகிறது. பலாலிக்கு விமானத்திலும் காங்கேசன்துறைக்குக் கப்பலிலும் வருபவர்கள் போன்பே போன்ற செயலியால் லங்காகியூஆரை ஸ்கேன் பண்ணலாம். அவர்கள் கணக்கில் இந்திய ரூபாய் கழியும், உங்களுக்கு இலங்கை ரூபாய் வரும். உங்கள் மட்டைக்கு இந்த வசதி திறந்திருக்கிறதா என்று வங்கியிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே கேட்பது நல்லது.

கனடா, லண்டனிலிருந்து வருபவர்களிடம் இருப்பது வங்கி அட்டை. அவர்களுக்கு அட்டை இயந்திரம்தான் வேண்டும். அதற்கு வங்கி கழிக்கும் வீதம் கியூஆரை விட அதிகம், சில வங்கிகள் மாத வாடகையும் கேட்கும். திருவிழாக் காலத்தில் மட்டும் அட்டை வரும் கடை என்றால், வருடம் முழுதும் கட்டும் வாடகையைக் கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: வங்கி கழிக்கும் வீதத்தை வாடிக்கையாளரிடம் மேலதிகமாக வாங்கலாமா?

பதில்: கூடாது. அட்டைக்கு மேலதிகமாக அறவிடுவதை மத்திய வங்கி அனுமதிப்பதில்லை. முறைப்பாடு போனால் வங்கி வசதியையே நிறுத்தலாம். கியூஆருக்கும் அப்படிக் கேட்டால் சனம் காசைத்தான் நீட்டும்.

கேள்வி: தையல் கடை. கணக்கு இலக்கத்தைக் கொடுத்துப் போடச் சொன்னால் போதாதா?

பதில்: மாதத்துக்கு நாலைந்து பேர் என்றால் போதும். வங்கிக்கு வங்கி உடனடியாக வரும், கட்டணம் அனுப்புபவருக்கு. ஆனால் அனுப்பும்போது குறிப்பில் பில் இலக்கத்தை எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் யார் போட்டது என்று மாத முடிவில் தேட வேண்டிவரும். வீட்டுச் செலவுக் கணக்கைக் கொடுக்காமல் தொழிலுக்குத் தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று திறந்து கொடுங்கள்.

கேள்வி: நெடுந்தீவில் கடை. சிக்னல் வந்து வந்து போகிறது.

பதில்: காசையே முதலில் வையுங்கள். மட்டையைச் சிக்னல் நிற்கும் இடத்தில், வாசலோரமாக மாட்டுங்கள். கடைப் போனில் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் பாவிக்காத மற்ற நிறுவனத்தின் சிம்மையும் போட்டு வையுங்கள். ஒன்று விழுந்தால் மற்றதன் ஹொட்ஸ்பொட்டைக் கொடுக்கலாம். செய்தி வராவிட்டால் இன்னொரு தரம் போடச் சொல்லாதீர்கள். இரண்டு தரமும் கழிந்துவிட்டால் திருப்பி எடுக்க நாட்கணக்காகும்.