எஞ்சின் அறைத் தூசியும் இன்றைய மூச்சுத்திணறலும்

கேள்வி: எனக்கு வயது 69. 1974 முதல் 15 ஆண்டுகள் கடற்படைக் கப்பல்களில் எஞ்சின் அறை மெக்கானிக்காகவும், பின்னர் சில ஆண்டுகள் கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றிலும் வேலை செய்தேன். நீராவிக் குழாய்களில் சுற்றியிருந்த ஆஸ்பெஸ்டாஸைக் கையால் பிய்த்து எடுப்போம். இப்போது கோத்தகிரி அருகே வசிக்கிறேன். ஆறு மாதமாக மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. வறட்டு இருமலும் உள்ளது. மலை என்றால் அப்படித்தான் என்கிறார்கள். எங்கள் வீட்டுக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான். நான் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: அவசியம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், ஐயா. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் காற்றில் பிராணவாயு குறைவு என்பது உண்மைதான். ஆனால் பல ஆண்டுகள் ஏறிப் பழகிய மேட்டில் கடந்த ஆறு மாதமாக மட்டும் மூச்சு வாங்கினால், அதற்கு மலை காரணமாக இருக்க முடியாது.

கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் வெப்பத்தைத் தாங்குவதால், பாய்லர், நீராவிக் குழாய், கேஸ்கெட் என எஞ்சின் அறையின் பல இடங்களில் அந்நாளில் அது பயன்பட்டது. காற்றோட்டம் குறைந்த அறையில் பழைய உறையைப் பிய்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறந்து நுரையீரலின் ஆழம்வரை செல்கின்றன. அங்கே தங்கிவிடும் இழைகளை உடலால் முழுமையாகக் கரைக்கவோ வெளியேற்றவோ இயலாததால், அவற்றைச் சுற்றி மெல்ல மெல்லத் தழும்பு படர்கிறது, இதுவே ஆஸ்பெஸ்டோசிஸ். இது வெளிப்படப் பெரும்பாலும் 20 ஆண்டுகளுக்கு மேலாகும். நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய் 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தும் வரலாம். எனவே வேலையை விட்டு இத்தனை காலமாகிவிட்டதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். அதேசமயம், தூசியில் வேலை செய்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. எத்தனை ஆண்டுகள், எவ்வளவு தூசி என்பதைப் பொறுத்தே ஆபத்து கூடுகிறது.

நீங்கள் புகைப்பிடிப்பவரா என்று எழுதவில்லை. பிடிப்பவரானால் இன்றே நிறுத்துங்கள். 1979இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கல்நார், புகை இரண்டுக்கும் ஆட்படாதவரோடு ஒப்பிட, கல்நாரில் வேலை செய்து புகைக்காதவர்கள் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து சுமார் 5 மடங்காகவும், அதே வேலை செய்து புகைத்தவர்களுக்கு 50 மடங்குக்கு மேலாகவும் இருந்தது.

மருத்துவரிடம் சென்றதும் இருமலைச் சொல்வதற்கு முன் உங்கள் வேலையைச் சொல்லுங்கள். நம் ஊரில் நீண்ட நாள் இருமல் என்றால் முதலில் காசநோயைத்தான் நினைப்போம். சளிப் பரிசோதனை செய்ய வேண்டியதும் சரியே. ஆனால் எஞ்சின் அறை என்ற ஒரு சொல் காதில் விழாவிட்டால், முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் நுரையீரலின் அடிப்பகுதியில் கேட்கும் நுண்ணிய நொறுங்கல் ஒலிக்கு வேறு காரணம் தேடுவதில் மாதங்கள் வீணாகக்கூடும். மார்பு எக்ஸ்ரேயில் ஆரம்பத் தழும்பு தெரியாமல் போகலாம் என்பதால், நுண்பிரிப்பு சி.டி. ஸ்கேனும் (HRCT), வாயுப் பரிமாற்ற அளவீட்டுடன் (நுரையீரலிலிருந்து இரத்தத்துக்கு வாயு எவ்வளவு எளிதாகச் செல்கிறது என்ற கணக்கு) கூடிய நுரையீரல் செயல்திறன் சோதனையும் தேவைப்படும். மூச்சு வாங்குவதற்கு இதயமும் காரணமாகலாம். அதையும் பார்த்துவிட வேண்டும். ஒரு பக்க நெஞ்சுவலி, சளியில் இரத்தம், எடை குறைதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்.

படிந்த இழைகளை அகற்ற மருந்து இல்லை. இருப்பினும் ஃபுளூ, நிமோனியா தடுப்பூசிகள், மூச்சுப் பயிற்சி, தேவைப்பட்டால் வீட்டில் பிராணவாயு ஆகியவை வாழ்நாளின் தரத்தை உண்மையாகவே உயர்த்தும். நோய் உறுதியானால், பணிக்காலச் சான்றுகளுடன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகுங்கள். ஆஸ்பெஸ்டோசிஸ் நம் நாட்டுச் சட்டப்படி அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய் என்பதால், பழுதுபார்க்கும் தளத்தில் வேலை செய்ததற்கான ஆவணங்களையும் தேடி எடுத்து வையுங்கள்.

கூரை ஷீட்டில் இழைகள் சிமெண்ட்டோடு இறுகியிருக்கின்றன. உடையாமல் இருக்கும்வரை அதிகம் வெளிவருவதில்லை. மழைக்காலம் முடிந்ததும் பாசியைக் காய்ந்த நிலையில் சுரண்டுவது, துளையிடுவது, அறுப்பது ஆகியவையே கூடாது. மாற்ற வேண்டியிருந்தால் நனைத்து, உடைக்காமல், முழு ஷீட்டாகவே இறக்கச் சொல்லுங்கள்.

பரிசோதனைக்குச் செல்லும்போது உங்கள் மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். அந்த ஆண்டுகளில் உங்கள் வேலை உடுப்புகளை உதறித் துவைத்தவர் அவராக இருந்தால், அந்தத் தூசியை அவரும் சுவாசித்திருப்பார்.