மச்சான் பைக், குரூப் ரைடு, முந்நூறு ரூபாய் இன்சூரன்ஸ்

கேள்வி: எங்கள் ரைடர்ஸ் குழு அடுத்த சனி, ஞாயிறு சென்னையிலிருந்து ஏலகிரி போகிறது. மொத்தம் 18 பைக். இரவு மலையில் தங்கல், கேம்ப் ஃபயர் எல்லாம் உண்டு. நான் என் மச்சானின் பைக்கில் மனைவியோடு போகிறேன். ஆர்.சி. மச்சான் பெயரில் இருக்கிறது. வண்டி வாங்கி இரண்டரை வருஷம், இன்சூரன்ஸ் ஐந்து வருஷத்துக்கு இருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் ‘ரைடு இன்சூரன்ஸ்’ என்று ஆளுக்கு 300 ரூபாய் வாங்குகிறார். ‘ஏதாவது நடந்தால் குழு பொறுப்பல்ல’ என்று ஒரு ஃபாரத்தில் கையெழுத்தும் கேட்கிறார். போடலாமா?

பதில்: கையெழுத்துக்குக் கடைசியில் வருகிறேன். ‘இன்சூரன்ஸ் ஐந்து வருஷத்துக்கு இருக்கிறது’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வாகனம் வாங்கும்போதே ஐந்து வருஷத்துக்கு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும். உச்ச நீதிமன்ற உத்தரவு அது. ஷோரூமில் கையில் கொடுக்கும் காகிதத்தில் அந்த ஐந்து வருஷத் தேதிதான் பளிச்சென்று தெரியும். கூடவே வந்த ஓன் டேமேஜ், அதாவது வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பகுதி, பெரும்பாலும் ஒரே வருஷத்தில் முடிந்துவிடும். ஓட்டுகிற உரிமையாளருக்கான பி.ஏ. கவரும், அதாவது அவருக்கான விபத்துக் காப்பீடும், அநேகமாக அதோடு போய்விடும். நடுவில் யாரும் புதுப்பிக்கவில்லை என்றால், இரண்டரை வருஷ வண்டியில் இன்று மிச்சம் இருப்பது நீங்கள் அடுத்தவரை இடித்தால் அந்த அடுத்தவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மட்டும். போலீஸ் மறித்தால் அது போதும், அபராதம் இல்லை. வண்டிக்கும் உங்களுக்கும் அதில் ஒன்றும் கிடையாது.

மச்சானிடம் பாலிசியை வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஐந்து வருஷத் தேதியை விட்டுவிட்டு மற்ற இரண்டு தேதிகளையும் தேடுங்கள். தேடத்தான் வேண்டும். கொசு எழுத்தில், ஆங்கிலத்தில், எங்கோ ஒரு கட்டத்துக்குள் இருக்கும். கோடிக்கணக்கான பேர் ஓட்டும் வண்டிக்கான பாலிசி அது. எது உயிரோடு இருக்கிறது, எது காலாவதி ஆகிவிட்டது என்று தமிழில் நான்கு வரி அச்சடித்துக் கொடுக்க என்ன கஷ்டமோ தெரியவில்லை.

சரி, மச்சான் எல்லாவற்றையும் புதுப்பித்தே வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்களுக்குச் சிக்கல் தீராது.

பி.ஏ. கவர் 15 லட்சம் ரூபாய். 2018-க்கு முன்பு இருசக்கர வாகனத்துக்கு வெறும் ஒரு லட்சமாக இருந்தது. தொகையைப் பார்த்து எல்லோரும் நிம்மதி ஆகிறார்கள். ஆனால் அது யாருக்கு என்று பாலிசியில் தெளிவாக இருக்கிறது: ஆர்.சி.யில் பெயர் உள்ளவர், செல்லுபடியாகும் லைசென்ஸோடு, தானே ஓட்டினால். நீங்கள் ஓட்டினால் நீங்கள் ‘உரிமையாளர்-ஓட்டுநர்’ ஆக மாட்டீர்கள். வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், எனவே அந்த வண்டியின் தேர்ட் பார்ட்டி பாலிசியில் தனக்கென இழப்பீடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009-லேயே சொல்லிவிட்டது. ஆக, பொறுப்பு என்று வரும்போது நீங்கள் உரிமையாளர் மாதிரி, பணம் என்று வரும்போது வெளியாள். இரவல் வாங்கியவர் குடும்பத்துக்கு பி.ஏ. தொகையை நீதிமன்றம் கொடுக்கச் சொன்ன வழக்கும் உண்டு. அதை நம்பி வண்டியில் ஏறாதீர்கள். அந்தக் குடும்பம் எத்தனை வருஷம் கோர்ட் படி ஏறியிருக்கும் என்று யோசியுங்கள்.

குரூப் ரைடில் எனக்குப் பிடிக்காத ஒரு பழக்கத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டீக்கடையில் வண்டியை நிறுத்துவார்கள். ஒருவர் இன்னொருவரின் பைக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். ‘கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கட்டுமா?’ சாவி கை மாறும். என்னிடம் வந்த ஒருவருக்கு அப்படித்தான் நடந்தது. சொந்த வண்டிக்கு எல்லா கவரும் எடுத்து வைத்திருந்த கவனமான ஆள். நண்பரின் பெரிய பைக்கை வாங்கிக்கொண்டு போனவர் இரண்டாவது வளைவில் மண்ணில் சறுக்கினார். முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கால் போனால் பி.ஏ. கவரில் பாதித்தொகை, அதாவது ஏழரை லட்சம். சொந்த வண்டியில் விழுந்திருந்தால் கிடைத்திருக்கும். அவருடைய சொந்த வண்டியோ ஒரு கீறல் இல்லாமல் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது, நண்பர் ஓட்ட. நிறுவனம் இரண்டு வரியில் கடிதம் அனுப்பிக் கணக்கை முடித்துக்கொண்டது. ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே சாவி மாற்றாதீர்கள்.

இன்னொன்று. அந்த 15 லட்சம் உயிர் போனாலோ, கை, கால், கண் போனாலோ, நிரந்தரமாக முழு ஊனம் ஆனாலோதான். தொடை எலும்பு முறிந்து ஆறு மாதம் படுத்திருந்தால் அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. பைக் விபத்தில் அதிகம் நடப்பது என்னவோ எலும்பு முறிவுதான்.

அடுத்து உங்கள் மனைவி. எதிரே வரும் லாரி மீது தப்பு என்றால் உங்கள் இருவருக்குமே லாரியின் இன்சூரன்ஸ் பொறுப்பு, அதில் குழப்பமில்லை. தப்பு உங்கள் மீது என்றால்தான் விஷயமே. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் பின்னால் உட்கார்ந்து வருபவர் சேர்த்தி இல்லை, தேர்ட் பார்ட்டியும் ஓன் டேமேஜும் சேர்ந்த பேக்கேஜ் பாலிசியில் சேர்த்தி. இதை 2009 நவம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே சுற்றறிக்கையாக அனுப்பிவிட்டது. அப்படியும் இன்றுவரை ஒவ்வொரு வழக்கிலும் ‘பில்லியனுக்கு (பின்னால் உட்கார்ந்து வருபவருக்கு) பொறுப்பில்லை’ என்று பதில் மனு போடுகிற நிறுவனங்கள் இருக்கின்றன. சலித்துப்போய் சமரசத்துக்கு வரட்டும் என்றுதான்.

ஆகவே நீங்கள் இந்த வாரத்துக்குள் செய்ய வேண்டியது, உங்கள் பெயரிலும் மனைவி பெயரிலும் தனிநபர் விபத்துக் காப்பீடு எடுப்பது. அது ஆளோடு வரும். யார் வண்டி, யார் ஓட்டினார், யார் தப்பு என்ற கேள்வியெல்லாம் இல்லை. எடுக்கும்போது எலும்பு முறிந்து வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குப் பணம் உண்டா, மருத்துவச் செலவு சேர்த்தியா, பைக் ஓட்டுவதற்கு ஏதாவது விலக்கு உண்டா என்று மூன்றையும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது அந்த 300 ரூபாய். குழு விபத்துக் காப்பீடு என்று நிஜமாகவே ஒன்று உண்டு, ஒருங்கிணைப்பாளர் நேர்மையாக எடுத்தும் இருக்கலாம். எடுத்திருந்தால் நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், உங்கள் இருவர் பெயரும் உள்ள பட்டியல், தேதி எல்லாம் அவர் கையில் இருக்கும். ரைடுக்கு முன் அதன் நகலைக் கேளுங்கள். ‘நம்ம ஃபிரெண்டு ஏஜென்ட்தான், பார்த்துக்குவார்’ என்று பதில் வந்தால் அது இன்சூரன்ஸ் இல்லை, டி-ஷர்ட் காசு. திருப்பி வாங்கிவிடுங்கள்.

பந்தயத்துக்குப் போனால் கிளெய்ம் வராது என்று பலர் பயப்படுகிறார்கள். ஏற்பாடு செய்த பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு பாலிசியில் விலக்கு உண்டுதான். சும்மா வரிசையாகப் போய்வருவது அதில் வராது. ஆனால் குழுவின் போஸ்டரில் ‘டாப் ஸ்பீட் சேலஞ்ச்’ என்று போட்டுக்கொண்டால் நாளைக்கு அதையே ஆதாரமாகக் காட்டுவார்கள்.

விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால் முதலில் வந்து நிற்பவரைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வந்த கொஞ்ச நேரத்தில் அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் ஒருவர் தோளில் கை போடுவார். எந்த வார்டு, எந்த டாக்டர் எல்லாம் அவருக்குத் தெரியும். ‘கேஸை நான் பார்த்துக்கிறேன் சார், செலவு ஒண்ணும் இல்ல’ என்பார். வெற்று வக்காலத்தில், வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவார். பிறகு இழப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு கேட்பார். இன்னும் துணிந்தவர்கள் ‘ஸ்கிட் ஆனதுன்னு சொல்லாதீங்க, ஒரு வண்டி நம்பர் தர்றேன், அது இடிச்சதுன்னு சொல்லுங்க’ என்பார்கள். அது கிரிமினல் குற்றம், மாட்டுவது நீங்கள்தான். உங்கள் மனைவி வழக்குப் போட வேண்டி வந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலேயே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். பெண்களுக்கு வருமான வரம்பு கூடக் கிடையாது. தரகர்கள் இதை மட்டும் சொல்லவே மாட்டார்கள்.

குழுவுக்குள்ளேயே ஒரு தரகர் உண்டு, நல்லெண்ணத் தரகர். இரண்டு நண்பர்களின் பைக் மோதிக்கொண்டால் ‘நமக்குள்ள எதுக்கு எஃப்.ஐ.ஆர்.’ என்பார். உங்கள் வண்டி இடித்தால் நண்பரும் உங்கள் பாலிசிக்கு தேர்ட் பார்ட்டிதான். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் அவருக்கு இழப்பீடு வாங்குவது மலையைப் புரட்டுகிற வேலை. நட்பு கெடாமல் இருக்க வேண்டுமானால் புகார் கொடுங்கள், பணம் நிறுவனத்திலிருந்து வரட்டும். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்பது 2022 ஏப்ரலிலிருந்து சட்டம். அதை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன. நீங்கள் ஆறு மாதத்தையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். வழக்கை முடிக்க மட்டும் கெடு எதுவும் கிடையாது போலிருக்கிறது.

சிகிச்சைக்கு அந்த நேரம் கையில் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பார்ப்பார்கள். திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. அட்வான்ஸ் கேட்டால் திட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

கடைசியாகக் கையெழுத்து. ‘குழு பொறுப்பல்ல’ என்ற ஃபாரம், மோட்டார் வாகனச் சட்டப்படி இடித்த வண்டியிடமும் அதன் இன்சூரன்ஸிடமும் நீங்கள் கேட்கக்கூடியதைத் தடுக்காது. அவ்வளவு மட்டும் எழுதியிருந்தால் போட்டுவிடுங்கள். ஆனால் முழுவதையும் படித்துவிட்டுப் போடுங்கள். ‘சக ரைடர்கள் மீதோ அவர்களது காப்பீட்டு நிறுவனம் மீதோ எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டேன்’ என்று ஒரு வரியைச் சில குழுக்கள் எங்கிருந்தோ காப்பியடித்துச் சேர்த்திருக்கின்றன. அப்படி இருந்தால் அந்த வரியைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள். மனைவிக்குத் தனி ஃபாரம் கேளுங்கள், அவருக்காக நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம்.