பல்கலைக்கழகம் சமரசம் பேசுகிறது, கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் மகள் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இரண்டு மாதங்களுக்கு முன்பு அவளுடைய கைடு தன் அறையில் அவளிடம் தவறாக நடந்துகொண்டார். துணைவேந்தருக்கு எழுதிக் கொடுத்தாள். இப்போது, "கைடை மாற்றித் தருகிறோம், கட்டிய ஃபீஸோடு ஐந்து லட்சமும் தருகிறோம், புகாரைத் திரும்பப் பெறுங்கள்" என்கிறார்கள். அவர்கள் சார்பில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மூன்று முறை வீட்டுக்கு வந்துவிட்டார். அமெரிக்காவிலேயே பல்கலைக்கழகங்கள் பணம் கொடுத்துத்தான் முடிக்கின்றன என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்: ஒத்துக்கொள்ள வேண்டாம் அம்மா. கைடை மாற்றுவது அவர்கள் காட்டும் சலுகையே இல்லை. உயர்கல்வி நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2015-ஆம் ஆண்டு விதிமுறைகளில், விசாரணை முடிவதற்கு முன்பே கேட்டுப் பெறக்கூடிய இடைக்கால நிவாரணம் என்று ஒன்று இருக்கிறது. புகாருக்கு உள்ளானவர் அந்த மாணவியின் வேலையை மதிப்பிடக் கூடாது, தேர்வில் தலையிடக் கூடாது என்று தடுத்து வைக்கலாம். அதற்காகப் புகாரைத் திரும்பப் பெற வேண்டியதே இல்லை. உங்கள் மகள் உரிமையோடு கேட்க வேண்டியதை எடுத்து, அதையே விலையாக உங்களிடம் நீட்டுகிறார்கள்.

அடுத்து அந்த ஐந்து லட்சம். பணியிடப் பாலியல் தொல்லைக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு சமரசத்தைப் பற்றிப் பேசுகிறது. சமரசமே கூடாது என்று அது சொல்லவில்லை. பாதிக்கப்பட்ட பெண் தானாகக் கேட்டால், விசாரணை தொடங்குவதற்கு முன்பு, இப்படிப்பட்ட புகார்களை நிறுவனத்துக்குள்ளேயே விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு சமரசம் செய்து வைக்கலாம். ஆனால் பணத்தை அடிப்படையாக வைத்துச் செய்யக் கூடாது என்று அதே பிரிவு தடுக்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பலரும் சறுக்குவது இங்கேதான். கேட்க வேண்டியது உங்கள் மகள். துணைவேந்தரோ, நீங்களோ, உங்கள் கணவரோ இல்லை. செய்து வைக்க வேண்டியது குழு, வீட்டுக்கு வந்து போகிற பேராசிரியர் இல்லை. எழுத்தில் மன்னிப்பு, இனி அவள் பக்கமே வரமாட்டேன் என்ற உறுதி, இப்படிப்பட்ட நிபந்தனைகள் அதில் இருக்கலாம். ஒப்புக்கொண்டதைக் குழு பதிவு செய்து இரு தரப்புக்கும் பிரதி கொடுக்க வேண்டும். அப்படி ஒரு சமரசம் ஆகிவிட்டால் அதன்பின் விசாரணை கிடையாது. கைடு நிபந்தனையை மீறினால்தான் அந்தக் கதவு மறுபடி திறக்கும். உங்கள் மகள் மனதார இதைத்தான் விரும்புகிறாள் என்றால் அது அவள் முடிவு, நான் குறுக்கே நிற்கமாட்டேன். அவளிடம் தனியாக, வற்புறுத்தாமல் கேளுங்கள்.

அப்படியானால் பணமே கிடைக்காதா என்றால், கிடைக்கும். விசாரணை முடிந்து குற்றம் உறுதியானால் இழப்பீட்டைக் குழுவே பரிந்துரைக்கலாம். மன வேதனை, படிப்பிலும் வேலையிலும் ஏற்பட்ட இழப்பு, மருத்துவச் செலவு, கைடுடைய வருமானம் எல்லாவற்றையும் பார்த்துத் தொகையை முடிவு செய்வார்கள். அவர் சம்பளத்திலிருந்தே பிடித்துக் கொடுக்கவும் வழி இருக்கிறது. அந்தப் பணத்தை உங்கள் மகள் தலைநிமிர்ந்து வாங்கலாம்.

அமெரிக்கக் கதையைப் பேராசிரியர் பாதிதான் சொல்லியிருக்கிறார். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2018 மே மாதம் 50 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது உண்மை. ஆனால் அங்கே பணியாற்றி, பல பெண்களைச் சீரழித்த லாரி நாசர் என்ற மருத்துவருக்கு அதே ஆண்டு ஜனவரியிலேயே 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டுவிட்டது. குற்றவாளி உள்ளே போன பிறகு, கண்டுகொள்ளாமல் இருந்ததற்காக நிறுவனம் கொடுத்த பணம் அது. உங்களிடம் பேசப்படுவது கைடு உள்ளே போகாமல் இருப்பதற்கான பணம்.

இந்த இடைத்தரகர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற பேராசிரியர், ஊர்ப் பெரியவர், கட்சிக்காரர், சில நேரம் என் தொழிலிலேயே இருக்கிற வக்கீல், யார் யாரோ வருவார்கள். "பொண்ணு வாழ்க்கை, வெளியே தெரிஞ்சா கல்யாணம் ஆகுமா?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். என்னிடம் வந்த ஒரு பெண் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாள். தேதி போடும் இடம் காலியாக இருந்தது. மூன்றாவது வரியில் "தவறான புரிதலால் பொய்யாகப் புகார் அளித்துவிட்டேன்" என்று இருந்தது. அவள் அந்த வரியைப் படிக்கவே இல்லை. பேசிய பணத்தில் பாதிகூட வரவில்லை. சில மாதம் கழித்து அந்தத் தாளைக் காட்டி, பொய்ப் புகார் கொடுத்ததாக அவள் மீதே நடவடிக்கை எடுக்கக் கிளம்பினார்கள். புகாரை நிரூபிக்க முடியாமல் போனாலே அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்று அதே 2013 சட்டத்தின் 14-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் நீங்களே பொய் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் உங்களுக்காக வாதாடுவது மிகக் கடினம். "போலீசுக்குப் போகமாட்டேன்" என்று எழுதி வாங்கினாலும் அது செல்லாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆவது பிரிவில் வரும் பாலியல் தொல்லை, இருவரும் பேசி முடித்துக்கொள்ளும் குற்றங்களின் பட்டியலில் இல்லை. 2024 நவம்பரில், ராஜஸ்தானில் ஒரு ஆசிரியரும் மாணவியின் தந்தையும் சமரசம் ஆகிவிட்டார்கள் என்பதற்காக ரத்து செய்யப்பட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் மறுபடி உயிர்ப்பித்தது.

எனக்குப் பெரிய கவலை நாட்களைப் பற்றித்தான். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் குழுவிடம் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம், அவ்வளவுதான். மேற்கு வங்கத்துச் சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆசிரியை துணைவேந்தர் மேல் கொடுத்த புகார், 2023 ஏப்ரலில் நடந்ததற்கு டிசம்பரில் கொடுத்தது என்பதாலேயே தள்ளுபடியானது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பைத் துணைவேந்தர் தன் சுயவிவரத்தில் குறிப்பிட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஆனால் புகார் புகாராக விசாரிக்கப்படவே இல்லை. பேராசிரியர் மூன்று முறை வந்து போனதில் உங்களுக்கு எத்தனை நாள் கழிந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

துணைவேந்தரிடம் கொடுத்ததோடு நிறுத்தாதீர்கள். அவர் அந்தக் குழுவில் இருக்கவே கூடாது என்பது யு.ஜி.சி. விதி. மாணவி சம்பந்தப்பட்ட புகார் என்றால் குழுவில் மூன்று மாணவப் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும், அவர்கள் தேர்தலில் வந்தவர்களாக இருக்க வேண்டும். நான் வெளி உறுப்பினராக உட்கார்ந்த சில குழுக்களில் அந்த மூன்று நாற்காலியும் காலிதான். சட்டம் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் அறிவிப்புப் பலகையில் ஒரு பெயர்ப் பட்டியல் ஒட்டினால் போதும் என்று நினைக்கிற நிர்வாகங்களைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

சரி, இந்த வாரமே செய்ய வேண்டியது இது. உள்ளகப் புகார்க் குழுத் தலைவருக்கு என்று முகவரியிட்டு, நடந்ததைத் தேதியோடு எழுதி, ஆறு பிரதி எடுத்து, வாட்ஸ்அப் செய்திகளின் நகலையும் சாட்சிகளின் பெயரையும் சேர்த்து உங்கள் மகளே நேரில் கொடுக்கட்டும். கைடு மாற்றத்தையும் அதிலேயே இடைக்கால நிவாரணமாகக் கேட்கட்டும். ஒரு பிரதியில் தேதியோடு முத்திரை வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் அன்றைக்கே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பேராசிரியர் நான்காவது முறை வந்தால், சொல்ல வேண்டியதைக் குழுவுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.