வெட்டுக்கு எத்தனை காய்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. ஆறு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. கல்லூரிக்கும் போக மாட்டேன் என்கிறாள். மனநல மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஒருவரிடமும் காட்டச் சொன்னார். கோவையில் இரண்டு பேரை விசாரித்தோம். ஒருவருக்கு, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலர் தளத்தில் மேற்கோள் 2,140, எச்-இன்டெக்ஸ் 19 என்று இருக்கிறது. இன்னொருவருக்கு அப்படி ஒரு பக்கமே இல்லை. முதல் ஆளிடமே போவோம் என்கிறார் என் கணவர். சரிதானா?
– பெயர் வேண்டாம், காங்கயம்

பதில்: உங்க வீட்டுக்காரர் சுழி பார்த்து மாடு பிடிக்கிறவர் போலிருக்கிறது. பார்க்கட்டும், தப்பில்லை. ஆனால் இப்போது பார்த்த சுழி வேறு மாட்டினுடையதுங்க.

மேற்கோள் 2,140 என்றால், மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் அத்தனை தடவை இவருடைய கட்டுரைகளைச் சுட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எச்-இன்டெக்ஸை 2005-இல் கொண்டுவந்தவர் ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர். பொள்ளாச்சித் தோப்பை வைத்துச் சொல்கிறேன். கட்டுரை மரம், மேற்கோள் காய். 19 மரத்தில் ஒவ்வொன்றிலும் 19 காய்க்குக் குறையாமல் இருந்தால் எண் 19. அது 20 ஆக வேண்டுமானால் 20 மரத்திலும் 20 காய் வேண்டும். ஒரே மரத்தில் 300 காய் தொங்கினாலும் கணக்குக்கு அது ஒரு மரம்தான். இன்னொன்று, இந்த எண் ஏறும், இறங்காது. நான் ஓய்வு பெற்றுத் திண்ணையில் உட்கார்ந்து கடலை உரிக்கிறேன். என் எண் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது.

எங்கள் உளவியல் துறையில் மேற்கோள் எங்கே குவிகிறது தெரியுமா? பெரும்பாலும் அளவுகோலில். 2001-இல் குரோன்கியும் கூட்டாளிகளும் வெளியிட்ட பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதே கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, மனசு எப்படி என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட்டுக் கூட்டினால் அதிகபட்சம் 27. உலகத்தில் எவர் மனச்சோர்வை இதால் அளந்தாலும் அந்தக் கட்டுரையைச் சுட்டியாக வேண்டும். எத்தனை களத்தில் ராகி அளந்தாலும் வள்ளம் செய்தவன் பேர் வருகிற மாதிரி. வள்ளம் அருமையானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அழுதுகொண்டே வருகிற பிள்ளையைப் பேச வைப்பது வேறு கைவேலை.

திட்டினாலும் மேற்கோள் மேற்கோள்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் போடும் எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்டு வேக்ஃபீல்டு குழு 1998-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதியது. பார்த்தது 12 குழந்தைகளை. 2010-இல் அந்தக் கட்டுரையையே பத்திரிகை திரும்பப் பெற்றது. தப்பு என்று சொல்ல அதைச் சுட்டினவர்களும் அதன் கணக்கில்தான் காய் சேர்த்தார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது: இருவருக்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதுதான் ஆர்சிஐ, பதிவு இருக்கிறதா என்பதை. அந்தப் பதிவுக்கான சி.ஆர்.ஆர். எண்ணைக் கேளுங்கள், கேட்டால் கோபித்துக்கொள்கிறவர் வேண்டாம். உங்கள் மகள் மாதிரிப் பிள்ளைகளை வழக்கமாகப் பார்ப்பவரா, வாரம் ஒருமுறை நேரம் தருவாரா என்றும் கேளுங்கள். நிறைய எழுதுகிறவர் சரியாகப் பார்க்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் கைவந்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கு முன்னால், அவள் எடை எவ்வளவு குறைந்திருக்கிறது? இந்த வாரமே எடை போட்டு, ரத்தம் பார்த்து, மருத்துவரிடம் சொல்லுங்கள் அம்மிணி. தை பிறக்கட்டும் என்று தள்ளாதீர்கள்.

கேள்வி: ஏழு நாளில் கட்டுரை வெளியிட்டுத் தருகிறோம், பணம் கட்டுங்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. பிஎச்.டி. முடிக்கக் கட்டலாமா?
– ஆய்வு மாணவர், பொள்ளாச்சி

பதில்: வேண்டாம். ஒழுங்கான இதழில் மதிப்பீட்டாளர் வாசித்துக் குறை சொல்லி அனுப்பவே மாதக்கணக்காகும். ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை கட்டாயம் என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு, அதுதான் யூஜிசி, தன் 2022 விதிகளில் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் அதைத் தன் விதியில் வைத்திருக்கிறதா என்று மட்டும் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: நான் எழுதியது ஐந்து கட்டுரை. கூகுள் ஸ்காலரில் என் பேரில் மூன்றுதான் காட்டுகிறது. மற்ற இரண்டும் என் அப்பா பேரில் நிற்கின்றன! என்ன செய்ய?
– ஆய்வு மாணவி, கோபி

பதில்: இனிஷியல் வைத்துப் பிழைக்கிற நம் எல்லாருக்கும் உள்ள சங்கடம் கண்ணு. கடைசியில் நிற்கும் பேர்தான் குடும்பப் பேர் என்று அந்த மென்பொருள் நினைக்கிறது. நீ அப்பா பேரை விரித்து எழுதிய இடத்திலெல்லாம் அப்பா ஆய்வாளர் ஆகிவிட்டார். இனி எல்லாக் கட்டுரையிலும் ஒரே மாதிரி எழுது. கல்யாணமானாலும் மாற்றாதே. இந்த ஆய்வாளர் இவர்தான் என்று அடையாளம் காட்ட ஆர்க்கிட் (ORCID) என்று 16 இலக்க எண் ஒன்று 2012 முதல் இலவசமாகவே தருகிறார்கள், இன்றைக்கே வாங்கிவிடு.

நான் வாங்கச் சோம்பல்பட்டேன். என்னைப் போலவே பேரும் இனிஷியலும் கொண்ட ஒருவர் பட்டுப்புழு நோய் பற்றி எழுதியதெல்லாம் இரண்டு வருடம் என் ஸ்காலர் பக்கத்தில் கிடந்தது. ஒருநாள் சத்தியமங்கலம் பக்கமிருந்து ஒரு விவசாயி போன் செய்தார். “ஏனுங்க மேடம், நாலு தட்டுப் புழு கூடு கட்ட மாட்டேங்குது, மல்பெரித் தழையையும் தொட மாட்டேங்குது.” பழக்க தோஷம், “எத்தனை நாளா சாப்பிடலை, தூக்கம் எப்படி?” என்று கேட்டுவிட்டேன்.