மாமாவின் பான்ரம்

மதிப்பிற்குரிய ஐயா,

காலஞ்சென்ற என் மாமா 1953 இல் வாங்கிய பி.எஸ்.ஏ. பான்ரம் மோட்டார் சைக்கிள் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. பதினைந்து ஆண்டுகளாக அது ஓடவில்லை. பழைய வண்டிகளில் ஈடுபாடுள்ள நண்பரொருவர், தொழிற்சாலையில் பூட்டிய ஓர் ஆணியைக்கூட மாற்றக் கூடாது என்கிறார். எங்கள் மெக்கானிக்கோ பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஒரு ஜப்பான் எஞ்சின் எடுத்துப் பூட்டி, புதுப் பெயின்ற் அடித்தால் நாளாந்தம் வேலைக்கு ஓடலாம் என்கிறார். தெஹிவளையிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு அதில் போய்வர எனக்கும் ஆசைதான். என்ன செய்யலாம்?

ச., தெஹிவளை

அன்புள்ள ச.,

எஞ்சின் மாற்றும் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கம் வண்டியோடு பொருந்தாமற் போனால் நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு நடையாய் நடக்க வேண்டிவரும் என்பது ஒருபுறமிருக்க, ஏறத்தாழ நாலரைக் குதிரைவலுவுக்கென்று செய்த செசியும் ஐந்து அங்குல பிறேக்கும் அதைவிட வேகமான எஞ்சினைத் தாங்க மாட்டா.

உங்கள் நண்பரின் பிடிவாதத்திலும் எனக்கு உடன்பாடில்லை. 1948 இல் வெளிவந்த பான்ரமே ஜேர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.ரி. 125 மோட்டார் சைக்கிளின் வரைபடத்தைப் போர் இழப்பீடாகப் பெற்று, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாற்றிச் செய்யப்பட்டதுதான்; கியர் மிதி வலது காலுக்கு வந்தது அப்படித்தான். அது கிடக்க, ரயர், பிறேக் லைனிங், வயரின் உறை ஆகியவை தேய்ந்து தீர்வதற்கென்றே செய்யப்பட்டவை. வெடித்துக் காய்ந்த ரயரை 'அசல்' என்று வைத்துக்கொண்டு கொழும்பு–காலி வீதியில் இறங்கினால் மாமாவின் வண்டியோடு மருமகனும் போய்விடுவார். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதவிடாமல், ஈரத்துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள்.

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: செய்த மாற்றத்தை நாளைக்கு ஒருவர் கழற்றிவிட்டு முன்பிருந்தபடி பூட்ட முடியுமா? 6 வோல்ற் விளக்கு எஞ்சின் மெதுவாக ஓடும்போது மங்கிவிடும். புதிதாகச் சுற்றிய சுருளொன்றை மின்பிறப்பாக்கியில் பூட்டி 12 வோல்ற்றுக்கு மாற்றினாலும் வெளிமூடி அப்படியே இருக்கும், பழைய சுருளையும் ஒரு பெட்டியில் எடுத்து வைக்கலாம். ஆனால் இண்டிகேற்றர் பூட்டுவதற்காக மட்கார்டில் துளை போட விடாதீர்கள். அதே காரணத்துக்காக, மெக்கானிக்கிடம் விற்வேத் எனப்படும் பழைய ஆங்கில அளவு ஸ்பனர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மில்லிமீற்றர் ஸ்பனரால் திருகினால் அந்தக் காலத்து ஆங்கில நட்டுகளின் மூலைகள் மழுங்கிவிடும். பிறகு உளியால்தான் வெட்டியெடுக்க வேண்டும்.

பெயின்ற் பற்றி என் அனுபவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் என் தகப்பனாரின் வண்டியை ஒரு கராஜில் விட்டு, மணல் அடித்துச் சுத்தமாக்கிப் புதிதாக்கித் தரச் சொன்னேன். பளபளவென்று வந்தது. பெற்றோல் தாங்கியில் அவருடைய முழங்கால் உரசி உரசி நிறம் தேய்ந்திருந்த இரண்டு இடங்களும் இல்லை. கையால் இழுத்த மெல்லிய கோடுகளும் இல்லை. குற்றம் அவர்களுடையதல்ல, கேட்டது நான். வெள்ளவத்தை உப்புக்காற்றில் அந்தப் புதுக் குரோமும் மூன்றே ஆண்டில் புள்ளி விழுந்தது. ஆகையால் உங்கள் வண்டியின் வெளிர்பச்சை எவ்வளவு மங்கியிருந்தாலும், கழுவி மெழுகு பூசுவதோடு நிறுத்துங்கள். துருவைத் தாங்கியின் உட்புறத்தில் தேடுங்கள். காபரேற்றரை அடைப்பது அதுதான்.

இலக்கத்தகட்டையும் மாற்ற வேண்டாம். 1957 இல் இலக்கத்தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்து, நம்மவர்கள் அதை எதிர்த்துத் தார் பூசிய நாட்களுக்கு முந்திய தகடு அது.

நாளாந்தம் கோட்டைக்கு? வேண்டாம். மூன்று கியரும் அந்தச் சின்ன பிறேக்கும் தனியார் பஸ்களுக்கு நடுவே போதா. ஞாயிறு அதிகாலையில் மெரைன் டிரைவ் வழியாகப் பம்பலப்பிட்டி வரை ஓடுங்கள். அந்த ஓட்டத்துக்கு நான் சொன்ன மாற்றங்களே போதும். எஞ்சினை முதன்முதலாக இயக்குவதற்கு முன் எழுதுங்கள், பெற்றோலில் கலக்கும் எண்ணெயின் விகிதத்தை அப்போது பேசிக்கொள்ளலாம்.