மார்ச்சிங் பேண்டா, ஏபி வகுப்பா? டெக்சஸ் பெற்றோர் ஒன்பதாம் வகுப்புக்கு முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: டாலஸ் பக்கம் ஒரு புறநகரில் இருக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பு. ஆறாம் வகுப்பிலிருந்து கிளாரினெட் வாசிக்கிறாள். அடுத்த வருடம் ஹைஸ்கூல் மார்ச்சிங் பேண்டில், அதாவது மைதானத்தில் அணிவகுத்தபடி வாசிக்கும் இசைக்குழுவில், சேர்ந்தே தீருவேன் என்கிறாள். வாரத்துக்கு 15 மணி நேரம் அதிலேயே போய்விடும் என்று தெரிந்தவர்கள் பயமுறுத்துகிறார்கள். கல்லூரித் தரத்தில் நடக்கும் ஏபி வகுப்புகள், ரேங்க், சிறந்த மாணவர்களைச் சேர்க்கும் நேஷனல் ஹானர் சொசைட்டி எல்லாமே அடிபடும் என்று என் கணவருக்குக் கவலை. இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியுமா?

பதில்: முடியும். பேண்டில் இருந்துகொண்டே ரேங்கிலும் முன்னால் நிற்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் நேரத்தைப் பற்றி மட்டும் கேட்கிறீர்கள். நேரத்துக்கு டெக்சஸில் ஓரளவு விதி இருக்கிறது. ரேங்க் கணக்கிடும் முறைதான் பள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், அதை யாரும் தாமாக வந்து சொல்வதில்லை. நான் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். இருந்தாலும் உங்கள் கேள்விப்படி நேரத்தில் இருந்தே தொடங்குகிறேன்.

பள்ளி நேரத்துக்கு வெளியே ஒரு செயல்பாட்டுக்கான பயிற்சி, பள்ளி வாரத்தில் 8 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது மாநில விதி. போட்டிகளை நடத்தும் யுஐஎல் அமைப்பும் இதையே பின்பற்றுகிறது. பள்ளி வாரம் என்பது வாரத்தின் கடைசி வகுப்பு முடிவதோடு முடிந்துவிடும். அதனால் வெள்ளி இரவு ஃபுட்பால் ஆட்டமும் சனிக்கிழமைப் போட்டியும் அந்த 8 மணி நேரத்துக்குள் வராது. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், உங்களுக்குச் சொன்ன 15 மணி நேரம் பொய்யில்லை. சனிக்கிழமைப் போட்டி உள்ள வாரத்தில் அதையும் தாண்டும். மைதானத்தில் இவர்கள் காட்டுவது 8 நிமிடத்துக்கு மிகாத நிகழ்ச்சி. அதற்கு இத்தனை பாடா என்று உங்கள் கணவர் கேட்டால், ஒரு போட்டியை நேரில் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் கேட்க மாட்டார்.

ஆனால் இது வருடம் முழுவதும் ஓடுவதில்லை. ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ பேண்ட் கேம்ப். அக்டோபரில் யுஐஎல் போட்டிகள் சூடு பிடிக்கும். நவம்பரில் சான் அன்டோனியோவின் அலமோடோமில் மாநிலப் போட்டி. பெரும்பாலான பேண்டுகளுக்கு அதற்கு முன்பே சீசன் முடிந்துவிடும். பிறகு பிள்ளைகள் உட்கார்ந்து வாசிக்கும் கச்சேரி பேண்டுக்கு மாறுவார்கள், மாலைகள் பெரும்பாலும் வீட்டுக்குத் திரும்பிவிடும். ஏபி தேர்வுகள் மே மாதத்தில். எண் கணக்கு, அறிவியல், கால்குலேட்டர் என்று யுஐஎல் நடத்தும் கல்விப் போட்டிகளின் மாவட்டச் சுற்றுகளும் வசந்த காலத்தில்தான். ஆக இவை பேண்டோடு மோதுவதில்லை.

மோதுவது டிபேட், அதாவது விவாதப் போட்டி. அதன் போட்டிகளும் இலையுதிர் காலத்தில் வெள்ளி, சனிக்கிழமைகளில்தான் நடக்கும். உங்கள் மகள் டிபேட்டையும் விரும்பினால் ஒன்பதாம் வகுப்பில் ஏதாவது ஒன்றைத்தான் முழுதாகச் செய்ய முடியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கும் இதே சிக்கல், அக்டோபரில் சில வகுப்புகள் போகும் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம்மவர்களுக்கே உரிய இன்னொரு மோதல் அரங்கேற்றம். பரதம் கற்கும் பெண்ணாக இருந்தால் ஆகஸ்டில் தேதி குறிக்காதீர்கள். ஜூன் என்றால் தொல்லை இல்லை.

சரி, இப்போது ரேங்குக்கு வருவோம்.

1997-இல் வந்த சட்டப்படி, டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் வகுப்பின் முதல் 10 சதவீத மாணவர்களுக்கு நேரடி அனுமதி உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் மட்டும் விதிவிலக்கு, 2026 இலையுதிர் சேர்க்கைக்கு அது 5 சதவீதமாகச் சுருங்கியிருக்கிறது. உங்கள் மகள் விண்ணப்பிக்கும் காலத்தில் அது எவ்வளவு என்பதை அப்போது பார்த்துக்கொள்ளுங்கள். 600 பேர் படிக்கும் வகுப்பில் 5 சதவீதம் என்றால் 30 பேர். அந்த 30-வது இடத்துக்கும் 40-வது இடத்துக்கும் நடுவில் இருப்பது ஜிபிஏ எனப்படும் மதிப்பெண் சராசரியின் தசமப் புள்ளிகள்தான்.

பேண்ட் இங்கேதான் உள்ளே வருகிறது. ஏபி பாடத்தில் ஏ வாங்கினால் 5 புள்ளி, சாதாரணப் பாடத்தில் 4 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆறு ஏபி பாடங்களிலும் ஏ வாங்கியவரின் சராசரி 5.0. அதே ஆறோடு பேண்டையும் எடுத்து அதிலும் ஏ வாங்கியவரின் சராசரி 34-ஐ 7-ஆல் வகுத்தால் 4.86. கூடுதலாக ஒரு வகுப்பு எடுத்து, அதிலும் முழு மதிப்பெண் வாங்கி, ரேங்கில் பின்னால் போகிறார். அநியாயம்தான், ஆனால் எல்லாப் பாடத்தையும் ஜிபிஏயில் சேர்க்கும் மாவட்டங்களில் நடப்பது இதுதான்.

எல்லா மாவட்டமும் அப்படி இல்லை. சிலவற்றில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் போன்ற முக்கியப் பாடங்கள் மட்டுமே ரேங்குக்குச் சேரும், அங்கே பேண்டால் ஒரு நஷ்டமும் இல்லை. வேறு சில மாவட்டங்களில் பேண்ட் போன்ற வகுப்புகளை ஜிபிஏயில் சேர்க்காமல் விட விண்ணப்பிக்கலாம். அதற்கு ஒரு படிவமும் கடைசித் தேதியும் இருக்கும், தேதி போனால் போனதுதான். மேல்நிலைக் குழுவில் வாசித்தால் ஹானர்ஸ் புள்ளி, அதாவது சாதாரணப் பாடத்தைவிடக் கூடுதல் புள்ளி, தருகிற இடங்களும் உண்டு. எனவே கவுன்சலரிடம் போய் "பேண்ட் எடுத்தால் படிப்பு பாதிக்குமா?" என்று கேட்காதீர்கள், "பாதிக்காது" என்றுதான் பதில் வரும். "ரேங்க் ஜிபிஏயில் பேண்ட் சேருமா, சேர்ந்தால் விலக்கு உண்டா, எந்தத் தேதிக்குள்?" என்று கேளுங்கள். கூடவே, அவள் வாசிக்கப்போகும் பேண்ட் வகுப்பு எந்தப் பீரியடில், அதே பீரியடில் மட்டும் நடக்கும் ஏபி வகுப்பு எது என்றும் கேளுங்கள். பதினொன்று, பன்னிரண்டில் பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பேண்டால் லாபமும் இருக்கிறது. டெக்சஸில் ஹைஸ்கூல் முடிக்க உடற்கல்வியில் ஒரு கிரெடிட் (பாட அலகு), நுண்கலையில் ஒரு கிரெடிட் கட்டாயம். பேண்ட் நுண்கலைக் கிரெடிட்டைத் தரும். இலையுதிர் கால மார்ச்சிங் பேண்ட், ஒரு கிரெடிட் வரை உடற்கல்விக்கு மாற்றாக ஏற்கப்படும், மாவட்டம் அனுமதித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் ஜிம் வகுப்புக்குப் போக வேண்டிய பீரியட் மிச்சம். உங்கள் மாவட்டம் ஹெல்த், ஸ்பீச் போன்ற அரைக் கிரெடிட் பாடங்களைக் கட்டாயமாக்கியிருந்தால் அவற்றைக் கோடையில் முடித்துவிடலாம்.

'நோ பாஸ், நோ ப்ளே' என்ற விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1984-இல் வந்தது. ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் குறைந்தது மூன்று வாரம் போட்டிகளில் பங்கேற்க முடியாது, பயிற்சிக்கு மட்டும் போகலாம். மாவட்டம் விலக்கு அளித்திருக்கும் ஏபி, ஹானர்ஸ் பாடங்களுக்கு இது பொருந்தாது. உங்கள் வீட்டில் 70 என்பது பேச்சிலேயே இருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் செப்டம்பரில் ஒப்படைக்காமல் விட்ட நான்கு வீட்டுப்பாடங்கள் நல்ல மாணவியையும் அங்கே கொண்டுபோய் நிறுத்தும். ஒன்பதாம் வகுப்பில் இது சகஜம்.

நேஷனல் ஹானர் சொசைட்டி பற்றி உங்கள் கணவர் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. 1921-இல் தொடங்கிய அமைப்பு. படிப்பு, தலைமை, சேவை, நடத்தை என்ற நான்கையும் பார்த்து ஐந்து ஆசிரியர்கள் கொண்ட குழு தேர்ந்தெடுக்கும். ஒன்பதாம் வகுப்பில் யாரையும் சேர்க்க மாட்டார்கள், ஆகவே இப்போது அவசரமே இல்லை. பேண்டில் ஒரு வாத்தியப் பிரிவுக்குத் தலைவராக, அதாவது செக்‌ஷன் லீடராக இருப்பது தலைமைக்குக் காட்ட நல்ல சான்று. சேவை நேரத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். நவம்பருக்குப் பிறகு வருகிற மாதங்கள் அதற்குப் போதும். இசை மாணவர்களுக்கு ட்ரை-எம் என்று தனி ஹானர் சொசைட்டியும் உண்டு. பள்ளியில் இருந்தால் சேரட்டும். என் கருத்து, நான்கைந்து ஹானர் சொசைட்டிகளில் பெயர் மட்டும் கொடுத்துச் சந்தா கட்டுவதைவிட ஒன்றில் உருப்படியாக ஏதாவது செய்வது மேல். இசையில் தனிப்பட்ட பெருமை வேண்டுமென்றால் டெக்சஸ் இசை ஆசிரியர் சங்கம் நடத்தும் ஆல்-ரீஜன் (வட்டார), ஆல்-ஸ்டேட் (மாநில) இசைக்குழுத் தேர்வுகள் இருக்கின்றன. தேர்வாளர்கள் காது கொடுத்துக் கேட்டுத் தேர்ந்தெடுப்பது, அதற்கு இருக்கும் மதிப்பே வேறு.

உண்மையில் கடினமான வருடம் பதினொன்று. நேஷனல் மெரிட் உதவித்தொகைக்குக் கணக்கில் வரும் பிஎஸ்ஏடி என்ற பொதுத் தேர்வு அந்த வருட அக்டோபரில், அதாவது பேண்ட் சீசனின் உச்சத்தில். அதற்கான தயாரிப்பைக் கோடையிலேயே முடிக்க வேண்டும், செப்டம்பரில் தொடங்கலாம் என்று விடக் கூடாது. ஏபி வகுப்புகளையும் அந்த வருடம் எண்ணிப் பார்த்து எடுங்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு ஏபி போதும் என்பேன். பேண்டும் புதிது, பள்ளியும் புதிது.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். சேர்ந்தால் சீசன் முடியும் வரை இருக்க வேண்டும். மைதானத்தில் ஒவ்வொருவருக்கும் 'டாட்' என்று ஒரு புள்ளி குறித்திருப்பார்கள், ஒருவர் விலகினால் அந்த இடம் ஓட்டையாகத் தெரியும். "அக்டோபர் வரை பார்ப்போம், மார்க் குறைந்தால் நிறுத்திவிடலாம்" என்ற ஒப்பந்தத்தை வீட்டில் போடாதீர்கள். ஒரு சீசன் முழுக்க இருக்கட்டும். அடுத்த வருடப் பாடத் தேர்வு குளிர்காலத்தில் வரும்போது, மதிப்பெண் அட்டையையும் அவள் தூக்கத்தையும் பார்த்து மூவரும் உட்கார்ந்து முடிவெடுங்கள்.

செலவு பள்ளிக்குப் பள்ளி மாறும். சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. தவணையும் உதவியும் கேட்டால் கிடைக்கும், பேண்ட் டைரக்டரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பேண்டுக்கு உதவும் பெற்றோர் குழுவான பூஸ்டர் கிளப்பில் உங்களையும் வேலைக்கு இழுப்பார்கள், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மார்ச்சிங் பேண்டுக்கு மருத்துவப் பரிசோதனைப் படிவம் கட்டாயம். ஜூலையில் டாக்டரிடம் நேரம் கிடைப்பது கஷ்டம், மே மாதமே வாங்கிவிடுங்கள். ஆகஸ்டில் தார் மைதானத்தில் 38 டிகிரியைத் தொடும் வெயிலில் நிற்க வேண்டியிருக்கும். பெரிய தண்ணீர் ஜக், தொப்பி, நல்ல ஓட்டக் காலணி மூன்றையும் கேம்புக்கு முன்பே வாங்கி, காலணியை இரண்டு வாரமாவது போட்டுப் பழகச் சொல்லுங்கள்.