அண்ணாச்சி பதில்கள்: மெட்டி கறுக்கிற லேப்

(கெமிஸ்ட்ரி ஸ்டோர்ஸிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்ற பாளையங்கோட்டை அண்ணாச்சி, கல்லூரி, பல்கலைக்கழக ஊழியர்களின் வேலைப் பாடுகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அண்ணாச்சி, நான் ஒரு கல்லூரி கெமிஸ்ட்ரி லேபில் உதவியாளர். சால்ட் அனாலிசிஸ் (உப்பில் என்ன இருக்கிறதென்று கண்டுபிடிக்கிற சோதனை) நடக்கிற நாளெல்லாம் சாயங்காலம் தலை விண்விண்ணென்று தெறிக்கிறது, கண் எரிகிறது. ஹெச்.ஓ.டி.யிடம் சொன்னால், "அழுகின முட்டை நாத்தம்தானம்மா, ரெண்டு மாசத்துல பழகிடும்" என்கிறார். இப்போது நாற்றம் அவ்வளவாகத் தெரியவும் இல்லை. சிரிக்காதீங்க, கால் மெட்டியைத் திருநீறு போட்டுத் துலக்கினாலும் ஒரே வாரத்தில் கறுத்துப்போகிறது.
– வாசகி, சேரன்மகாதேவி

பதில்: ஏன் தாயி சிரிக்கப் போறேன்? உங்க லேபில் ஒழுங்காக வேலை பார்க்கிற ஒரே கருவி அந்த மெட்டிதான். வேர்வைக்கும் வெள்ளி கறுக்கும், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் தலைவலி, கண் எரிச்சலையும் சேர்த்துப் பார்த்தால், அந்தச் சோதனைக்கு வாயு தயாரிக்கிற கண்ணாடிச் சாதனமான கிப்ஸ் அப்பாரட்டஸிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு மேல்தான் என் சந்தேகம். காற்றைவிடக் கனமான வாயு, தரையோரமாகத் தங்கும்.

நாற்றம் தெரியவில்லை என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கலக்கமாக இருக்கிறது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே நாறுகிற வாயு இது. அதுவே 100 பங்கை எட்டினால் சில நிமிஷத்தில் மூக்கு மரத்துவிடும். குறைந்த அளவிலும் நாள் முழுக்க அதிலேயே நின்றால் மோப்பம் மங்கிவிடும். வாயு அங்கேயேதான் இருக்கும். உங்க ஹெச்.ஓ.டி. 'பழகிடும்' என்று சொன்னது மூக்கை. நுரையீரலும் கண்ணும் பழகுவதில்லை.

லெட் அசிடேட் உங்க அலமாரியிலேயே இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு ஃபில்டர் பேப்பர் துண்டுகளை அதில் நனைத்து, உங்க மேஜையருகே ஒன்று, தரையோரம் ஒன்று, வராந்தாவில் ஒன்று தொங்கவிடுங்கள். வாயு பட்டால் பேப்பர் பழுப்பாகி, கறுக்கும். தேதி, நேரம், இடம் எழுதி ஒவ்வொன்றையும் கவரில் போட்டு வையுங்கள். லெட் அசிடேட்டும் விஷம்தான், முடித்ததும் கை கழுவுங்கள்.

அடுத்து ஃபியூம் ஹூட், அதாவது லேப் வாயுவை ஃபேன் வைத்து வெளியே தள்ளுகிற கூண்டு. நான் பார்த்த பாதி இடங்களில் அது பாட்டில் அடுக்குகிற அலமாரி. தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று பேர் வாங்கின எங்க பாளையங்கோட்டையைச் சுற்றித்தான் சொல்கிறேன்! ஃபேனைப் போட்டு, ஹூட் வாசலில் ஒரு டிஷ்யூ பேப்பர் கீற்றைப் பிடியுங்கள். உள்பக்கமாக இழுபட வேண்டும். ஆடி மாசம் மறுபடியும் பார்க்க வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கிற மேல்காற்று, மேற்குச் சுவரில் குழாய் வைத்த ஹூட்டென்றால் வெளியே தள்ளினதையெல்லாம் திருப்பி உள்ளே ஊதிவிடும். பங்குனியில் நன்றாக இருந்த ஹூட் ஆடியில் காலை வாரும்.

துணி மாஸ்க்கோ என்95-ஓ கட்டிக்கொண்டு தைரியமாக நிற்காதீர்கள். அது தூசிக்கு, வாயுவுக்கு இல்லை. கிப்ஸை ஹூட்டுக்குள் வைக்க வேண்டும், வேலை முடிந்த கையோடு குழாயை மூட வேண்டும். தயோஅசிடமைடு கரைசலைச் சோதனைக் குழாயிலேயே சூடாக்கி, வேண்டிய அளவு மட்டும் வாயு எடுக்கிற வழியும் இருக்கிறது. அதுவும் புற்றுநோய்ச் சந்தேகப் பட்டியலில் உள்ள சரக்கு என்பதால் கையுறையும் ஹூட்டும் கட்டாயம். இந்த மாற்றத்தைக் கேட்க வேண்டியது பாடத்திட்டக் குழுவிடம், உங்க வேலையில்லை, ஹெச்.ஓ.டி. வேலை.

வாயால் சொன்னது போதும். கறுத்த பேப்பர்களை இணைத்து முதல்வருக்குக் கடிதம் கொடுங்கள், நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்குங்கள். டாக்டரிடம் போகும்போது வெறும் தலைவலி என்று சொல்லாமல் வாயுவின் பேரைச் சொல்லுங்கள்.

கேள்வி: லேபில் இருப்பவர்கள் தினம் ஒரு வாழைப்பழமும் வெல்லமும் தின்றால் கெமிக்கல் இறங்கிவிடுமாமே?
– பேட்டை வாசகர்

பதில்: பழம் இறங்கும். ருசிக்குத் தாராளமாகத் தின்னுங்கள், ஆனால் லேபுக்கு வெளியே வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவின பிறகு.

கேள்வி: நான் ஒரு மாணவர் விடுதியின் காப்பாளர். செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. லாரிக் குழாய் அடிச்சகதியை இழுக்கவில்லை. "ரெண்டு ஆளை இறக்கி அரை மணி நேரத்துல முடிச்சிருதேன், விளக்கு இறக்கிப் பாத்துட்டுத்தான் இறக்குவேன்" என்கிறார் காண்ட்ராக்டர். சரிதானா?
– நாங்குநேரி வட்டாரம்

பதில்: இறக்கவே கூடாது. முதல் கேள்வியில் மெட்டியைக் கறுக்க வைத்த அதே வாயுதான் அந்தத் தொட்டியில் பல மடங்காகக் கிடக்கிறது. சகதியைக் கிளறினால் மொத்தமாகக் கிளம்பும், ஆள் கூப்பாடு போடக்கூட நேரமிருக்காது. அவரைத் தூக்கப் பதறி இறங்குகிற இரண்டாமவரும் மேலே வருவதில்லை. செய்தித்தாளில் எத்தனை முறை படித்துவிட்டோம்.

விளக்கு இறக்குவது நம்ம ஊர்க் கிணற்று வழக்கம். சுடர் அணைந்தால் பிராணவாயு இல்லை என்று தெரிந்துகொள்வார்கள். செப்டிக் டேங்கில் மீத்தேன் இருக்கும், விளக்கே வெடிக்கு வத்தியாகும். ஹைட்ரஜன் சல்பைடு எவ்வளவு என்று சுடர் சொல்லவும் சொல்லாது.

கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படிப் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால், முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நேரடியாக வைத்தாலும் சரி, ஆள் மூலமாக வைத்தாலும் சரி, குற்றம்தான். 'காண்ட்ராக்டர் பாடு' என்று நீங்க கையைக் கழுவ முடியாது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய சாவுக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்திவிட்டது. மூடியைத் திறந்து போட்டு, பிள்ளைகளை அண்ட விடாமல் கயிறு கட்டி, மேலிருந்தே தண்ணீர் பீச்சிச் சகதியை இளக்கி, மறுபடியும் லாரியில் இழுக்கச் சொல்லுங்கள். கூடுதல் நடைக்குக் காசு கேட்பார். கொடுங்கள்.

கேள்வி: கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். தினம் நாலைந்து வகுப்பு, ஃபேன் இரைச்சலில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. பெண்கள் கழிப்பறை இருக்கும் லட்சணத்தில் தண்ணீரும் குடிப்பதில்லை.
– தென்காசி

பதில்: அம்மா, தொண்டைக்கு மிட்டாய் தேடாதீர்கள், கழிப்பறைச் சாவியைத் தேடுங்கள். தண்ணீர் குடிக்காமல் கத்தினால் குரல் நாண் காயும், சிறுநீர்க் கடுப்பும் கூடவே வரும். உடன் வேலை பார்க்கும் பெண்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, பூட்டிக் கிடக்கும் ஸ்டாஃப் கழிப்பறையைத் திறந்துவிடக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் 'வந்து ரெண்டு வருஷம் ஆகல, அதுக்குள்ள' என்பார்கள். பெரிய ஹாலுக்கு மைக் கேளுங்கள். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.